பத்தொன்பதாம் இருக்கை

அந்த நாற்காலி சுவரைப் பார்த்தபடி திரும்பி இருந்தது.

பேரவையின் பெரிய மண்டபத்தில் நாற்பது நாற்காலிகள் அரைவட்டமாகப் போடப்பட்டிருந்தன. முப்பத்தொன்பதும் மேடையைப் பார்த்தன. இது ஒன்று மட்டும், வாத்தியாரிடம் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதுகில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பத்தொன்பது என்று பொறித்திருந்தது. மற்றத் தகடுகள் பளபளத்தன. இதைத் துடைக்க யாருக்கும் கை வரவில்லை போலும்.

"இதுதான் மேடம் உங்களுது" என்றார் செயலாளர். சொன்னவர் நாற்காலியைப் பார்க்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மண்ணம்மாவுக்கு அது உறைக்கவில்லை. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. மண்ணைத் துளைத்து ஆராய்வதே வாழ்க்கையாகப் போனதால் மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் இது. கட்டிய கணவனே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். ஐம்பதைத் தாண்டிய வயதில், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேசிய அறிஞர் பேரவைக்குத் தேர்வாகியிருந்தாள். நாட்டில் இதற்கு மேல் ஒரு படி கிடையாது. எந்தப் பாலம் தாங்கும், எந்த மருந்து ஆகாது, எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று பேரவை சொன்னால் அரசாங்கம் மறுபேச்சுப் பேசாது.

ஆனால் உள்ளே நுழைய வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் ஒருவர் வெளியே போக வேண்டும். அதாவது சாக வேண்டும். இறந்தவருக்கு உறுப்பினர் ஒருவர் நினைவுரை வாசித்ததும், அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் தன் முன்னவரைப் பற்றித் தானும் ஒரு நினைவுரை வாசித்துவிட்டு, நாற்காலியைத் தன் கையாலேயே முன்னால் திருப்பி உட்கார வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் கணவர், பல் டாக்டர், கேலியை நிறுத்தவில்லை. யாராவது மண்டையைப் போட்டால்தான் உனக்கு இடமா, இது அறிவியலா வாடகை வீடா என்பார்.

மேடைக்கு மேலே, கல்லில் ஒரு வரி வெட்டப்பட்டிருந்தது: 'மன்றத்தில் வாசித்தது திரும்பப் பெறப்படாது.'

அந்த வரியின் கதை பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பேரவை தொடங்கிய புதிதில் பெரும் பஞ்சம். பட்டினியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஓர் உறுப்பினர் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்து, இதே மண்டபத்தில் வாசித்தார். ஆண்டவர்களுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. திரும்பப் பெறுங்கள் என்றார்கள். உறுப்பினர்கள் மறுத்தார்கள். மண்டபத்தை வெளியே பூட்டினார்கள், தண்ணீரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் மசியவில்லை. கதவு திறந்தபோது இருவர் மயங்கிக் கிடந்தார்கள். ஆனால் கணக்கு நின்றது. அன்றைக்கு வெட்டிய வரி அது. பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதலாக அதைப் படித்தபோது மண்ணம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் சிலிர்த்தது.

பத்தொன்பது ஏன் இத்தனை காலம் காலியாகக் கிடந்தது என்று அவள் கேட்டாள். ஏதோ தள்ளிப்போய்விட்டது என்றார் செயலாளர். அவளுக்கு முன் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஒருவர் வெளிநாடு போனார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. மூன்றாமவர் காரணமே சொல்லாமல் விலகிக்கொண்டார். இதையெல்லாம் அவர் மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

அன்று கூட்டம் நடந்தது. இன்னும் உட்கார உரிமை வராததால் அவள் தூண் ஓரமாக நின்று பார்த்தாள். பின்னால் பார்வையாளர்களுக்கு ஒரு நீளமான பெஞ்சு. அதன் கோடியில் ஒரு முதியவர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் மடித்த குடை, ஆணி அடித்தாற்போல நிமிர்ந்த முதுகு. தேநீர் கொண்டுவந்த பணியாள் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, அவர் முறை வந்ததும் ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோல ஒதுங்கி நடந்தான். உறுப்பினர்கள் அவரைக் கடந்து போனார்கள். ஒருவர் பார்வையும் அவர்மேல் நிற்கவில்லை. கண்ணாடிக்குள் ஊடுருவுவதுபோல அவருக்குள் புகுந்து பின்சுவரில் போய் முட்டியது.

மண்ணம்மா பெரியவர்களைப் பார்த்தால் தலையசைக்கும் பழக்கமுள்ளவள். அசைத்தாள். முதியவர் திடுக்கிட்டார். தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் செயலாளரிடம், பெஞ்சுக் கோடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யார் என்று கேட்டாள்.

செயலாளர் திறந்த கதவு வழியே நேராக அந்தப் பெஞ்சைப் பார்த்தார். முதியவர் குடையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார்.

"எந்தப் பெரியவர்?" என்றார் செயலாளர். "அங்க யாரும் இல்லையே மேடம்."

மண்ணம்மா படித்தவள், பேயை நம்பாதவள். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பேருந்தில் தன் பக்கத்து இருக்கையைப் பார்க்கவே இல்லை.

அவள் வீடு இடக்கரையில். ஆற்றின் அந்தப் பக்கத்தில் இடக்கரை என்றே ஒரு தனி நகரம் வளர்ந்துவிட்டது. பள்ளிகள், பெரிய ஆஸ்பத்திரி, அடுக்குமாடிகள். கீழே கணவரின் பல் கிளினிக், மேலே குடித்தனம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் படுக்கையறைக் கதவு நிலையில் பொருந்தாது. பல் டாக்டர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு கதவின் ஓரத்தைச் சீவுவார். மரம் ஊதிவிட்டது என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள்.

இடக்கரை எழுந்ததே பத்தொன்பதாம் இருக்கைக்காரரால்தான். அந்தக் கரைக்குக் கீழே ஆழம்வரை பாறைபோன்ற கெட்டி நிலம் என்று அவர் நிறுவியதாக, நாற்பது வருடங்களுக்கு முன் அவருடைய நினைவுரையில் வாசித்திருந்தார்கள். ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்தார், பாவம். மண்ணம்மா அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் எழுதிய எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அவருடைய அந்த ஒரு வாக்கியம். இடக்கரையிலிருந்து எவ்வளவு நிலத்தடி நீரை இறைக்கலாம் என்று அவள் புத்தகமாக எழுதிய முறைதான் அவளைப் பேரவைக்குக் கொண்டுவந்தது. கீழே கெட்டி நிலம் என்பதால் எவ்வளவு இறைத்தாலும் நிலம் அமுங்காது என்பதுதான் அதன் சாரம். குருவின் நாற்காலியே கிடைத்ததுபோல் அவளுக்கு மனம் குளிர்ந்திருந்தது.

பேரவையில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிய உறுப்பினர் முன்னவரின் வீட்டுக்குப் போய், அவர் வேலையில் கையாண்ட பொருள் ஒன்றைக் கேட்டு வாங்கிவர வேண்டும். நினைவுரை வாசிக்கும்போது அது மேஜைமேல் இருக்கும். அதெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை என்று செயலாளர் தட்டிக்கழித்தார். பழைய நினைவுரை நன்றாகவே இருக்கிறது, அதையே இன்னொரு தரம் வாசித்துவிடுங்கள் என்றார். மண்ணம்மாவிடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்வது, செய் என்று சொல்வதற்குச் சமம். பல்கலைக்கழகத்தில் விசாரித்து, ஒரு சனிக்கிழமை மதியம் வலக்கரை மேட்டுத் தெருவில் ஒரு குறுகிய வீட்டின் மணியை அழுத்தினாள்.

திறந்தவள் அவள் வயதை ஒத்த ஒரு பெண். மருந்துக்கடையில் வேலை, மேலங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. முன்னவரின் மகள். பேரவையிலிருந்து வருகிறேன், காலமான உங்கள் அப்பாவின் நினைவாக ஏதாவது ஒரு பொருள் வேண்டும் என்று மண்ணம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

மகள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

"உள்ள வாங்க. அவர்கிட்டயே கேட்டுக்கங்க."

ஜன்னலோரம் அந்த முதியவர் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். தொடையில் ஒரு தட்டு, தட்டில் பாதி தின்ற ரொட்டி. பேய் ரொட்டி தின்னுமா என்று மண்ணம்மாவின் புத்தி எங்கோ ஒரு மூலையில் கேட்டது. அவள் கால்கள் மட்டும் வாசல்பக்கம் திரும்பியே நின்றன.

"அன்னிக்கு எனக்குத் தலையாட்டினது நீங்கதானே" என்றார் முதியவர். "ரொம்ப நாளாச்சு. பயந்துட்டேன்."

அவள் உட்கார்ந்தாள்.

நடந்ததை மகள்தான் சொன்னாள். ஆற்று முகத்துவாரத்தில் புயலில் படகு கவிழ்ந்தது நிஜம். குளிரில் நடுங்கிய படகோட்டிக்கு அப்பா தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தார். கோட்டோடு ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. பேரவை நாடே அழ நினைவுரை வாசித்து, நாற்காலியைத் திருப்பியது. அப்பா வேறெங்கோ கரை ஒதுங்கி, யார் வீட்டிலோ காய்ச்சலில் கிடந்து, ஒரு மாதம் கழித்து நடந்தே ஊருக்கு வந்தார். நேராக மண்டபத்துக்குப் போனார். நினைவுரையை எழுதி வாசித்த நெருங்கிய நண்பர் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே மேலே பார்த்தார். கல்லில் அந்த வரி.

வாசித்தது திரும்பப் பெறப்படாது. நாள்கணக்கில் விவாதித்தார்கள். இன்றைக்கு இதைத் திரும்பப் பெற்றால் நாளைக்கு அதிகாரத்தில் இருப்பவன் எதை வேண்டுமானாலும் திரும்பப் பெறச் சொல்வான், பஞ்சக் கணக்கில் செத்தவர்களையே உயிர்ப்பிக்கச் சொல்வான் என்றார் ஒருவர். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. கை தூக்கினார்கள். நண்பரும் தூக்கினார். அதன் பிறகு இந்த மனிதரைப் பார்ப்பதே விதிமீறல் ஆகிவிட்டது. விதியை உண்டாக்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பார்க்காமல் இருக்கும் பழக்கம் மட்டும் நாற்காலியோடு கைமாறிக்கொண்டே வந்தது. பேரவை செத்தார் என்றால் செத்தார்தான். அரசாங்க ஏடுகளிலும் செத்தார்.

"எங்கம்மா இவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டே விதவைன்னு கையெழுத்துப் போட்டாங்க மேடம்" என்றாள் மகள். "கை நடுங்கலையாம். பேனாதான் எழுத மாட்டேன்னுச்சாம்."

முதியவர் இதற்கும் புன்னகைத்தார். இத்தனைக்கும் உங்களுக்குக் கோபமே வரவில்லையா என்று மண்ணம்மாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வந்துச்சு. ஆனா நினைவுரையில, இவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லைன்னு எழுதிட்டாங்களே" என்றார். "நல்லவனாச் செத்துட்டேன். அதுக்கப்புறம் எப்படிம்மா கத்துறது?"

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. அந்த வீட்டில் ஒரு பொருள்கூட அவருடையதாக இல்லை என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. கொடியில் அவர் துணி இல்லை. சுவரில் மகள் படம், மனைவி படம். அவருக்கு அந்த ஜன்னல் ஓரம் மட்டும். விருந்தாளி மாதிரி, தன் வீட்டிலேயே, நாற்பது வருடம்.

பிறகு அவர் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார். குரல் மாறிற்று.

"இடக்கரைப் புத்தகம் எழுதினது நீங்கதானே? கெட்டி நிலம்னு நான் சொல்லவே இல்லைம்மா."

மேலே இருப்பது கெட்டிக் களிமண், அது ஒரு மூடி மாதிரி என்று அவர் விளக்கினார். அதற்குக் கீழே நீரில் ஊறிய நுண்மணல். நீர் இருக்கும்வரை தாங்கும். இறைத்தால் உள்ளுக்குள் குழி விழும். நண்பரிடம் மூடியை மட்டும் துளைத்த பாதி ஆராய்ச்சியைத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செத்த சிநேகிதனுக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்பைக் கொடுத்துக் கௌரவிக்க வேண்டுமென்று அந்த நல்ல மனிதர் பாதியை முழுசாக்கிவிட்டார். மீதிப் பாதியை எடுக்கத்தான் அந்தப் படகுப் பயணம். எடுத்துக்கொண்டு வந்தபோது, சொல்ல வாய் இல்லை. பொதுப்பணித் துறைக்குப் போனார். துறை பேரவையைக் கேட்டது. அந்த அறிஞர் காலமாகிவிட்டார், அவர் முடிவு வாசித்தபடியே என்று பதில் போயிற்று. பத்திரிகைக்கு எழுதினார். 'செத்தவர் கடிதம்' என்று துணுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

மண்ணம்மா மறுத்தாள். தானே இடக்கரையில் துளை போட்டிருப்பதாகவும், அளவுகள் எல்லாம் கெட்டி நிலத்தையே காட்டியதாகவும் சொன்னாள். சொல்லச் சொல்லவே அவள் குரல் இறங்கியது.

"எல்லாமேவா?" என்றார் முதியவர். "எங்கயாவது கம்பி தானா இறங்கியிருக்குமே."

இறங்கியிருந்தது. மூடியைத் தாண்டியதும், சம்மட்டி அடி ஒன்றுகூட விழாமல், துளைக் கம்பி தன் கனத்தில் தானாகவே உள்ளே போனது. ஓரிடத்தில் அல்ல.

"என்னன்னு போட்டீங்க?"

"கருவிக் கோளாறுன்னு" என்றாள்.

பேரவையில் வாசித்த உண்மை ஒன்று இருக்கும்போது, அதற்கு மாறாகக் கருவி காட்டினால் கருவிதான் தப்பு. படித்தவர்கள் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அவளுக்கு முன் துளைத்தவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். முதியவர் தலையசைத்தார். அவளைக் குற்றம் சொல்லும் எண்ணமே அந்த முகத்தில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வாசித்த முடிவை வேறு யாரும் மறுக்க முடியாது, அதற்கு உரியவர் பெயரில் பிறகு ஏறும் முடிவுதான் அதைத் திருத்தும். செத்துப்போன தன் பெயரில் பேரவையில் ஏதாவது ஏற வேண்டுமென்றால் அது தன் நினைவுரையில் மட்டும்தான் ஏற முடியும். நாற்காலிக்கு வருகிறவர் வாசிக்கும் நினைவுரை. அதற்காகத்தான் கூட்டம் தவறாமல் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, யார் வருவார்கள் என்று பார்த்திருந்தார். முன்பு தேர்வான மூவரும் விஷயம் தெரிந்ததும் ஓடிவிட்டார்கள். நுண்மணலை நீங்கள் வாசியுங்கள், ஒரு தடவை வாசித்துவிட்டால் யாராலும் அழிக்க முடியாது என்றார்.

"கடைசியில தலைவர் ஒண்ணு கேப்பாரு, தெரியுமில்ல?"

தெரியும். வாசித்து முடித்ததும், இந்த உரைக்கு உரியவர் மறைந்தவர்தானா என்று தலைவர் கேட்பார். ஆம் என்று சொன்னால்தான் அது நினைவுரை. இல்லையென்றால் வெறும் பேச்சு, செல்லாது.

"ஆமான்னு சொல்லிடுங்க" என்றார்.

மண்ணம்மா முடியாது என்றாள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று மண்டபத்தில் சொல்லப்போகிறேன் என்றாள். அதுவரை சமையலறை வாசலில் நின்ற மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அதைச் சொல்லுங்க மேடம். விவரம் தெரிஞ்ச நாள்லேந்து அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். கரை எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

"ஏய், சும்மா இரு" என்றார் முதியவர். குரல் உயரவில்லை. "நான் உயிரோட இருக்கேன்னு சொன்னா உரை செல்லாது. கெட்டி நிலம் அப்படியே நிக்கும். அந்த ஆஸ்பத்திரியில எத்தனை பேர் படுத்திருக்காங்க தெரியுமா?"

மகள் உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வேலையில் கையாண்ட பொருள் என்று அவர் கொடுத்தது ஒரு கண்ணாடிக் குழாய். மேலே சாம்பல் நிறக் களிமண், கீழே வெளுத்த மணல்.

அடுத்த வாரம் மண்ணம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு இடக்கரைப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் துளை போட்டாள். கருவி புதிது. கோளாறுக்கு வழியே இல்லை. சம்மட்டி அடிக்க அடிக்கக் கம்பி அங்குலம் அங்குலமாக இறங்கியது. திடீரென்று அடிக்கிறவர் கையை நிறுத்தினார். கம்பி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், யாரோ கீழேயிருந்து பிடித்து மெதுவாக இழுப்பதுபோல, போய்க்கொண்டே இருந்தது. வகுப்புக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு மண்ணம்மாவுக்குக் குளிர்ந்தது.

மைதானத்துச் சேதி பேரவைக்கு எட்டியிருக்க வேண்டும். நினைவுரைக்கு முந்தின நாள் செயலாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். பழைய உரையை அழகாகத் தட்டெழுதி அவள் முன் வைத்தார். நாற்பது வருடமாக நிற்கிற ஊர், நின்றுகொண்டுதானே இருக்கிறது என்றார். பிறகு, ரொம்ப அன்பாக:

"உங்க புத்தகமும் அந்த ஒரு வரி மேலதானே மேடம் நிக்குது? அதை உருவிட்டா, நாளைக்கு எந்த முகத்தோட அந்த நாற்காலியில உக்காருவீங்க?"

அவள் தேநீரைக் குடிக்கவில்லை. "பெஞ்சுக் கோடியில உக்காந்திருக்காரே, அவரை ஒரு தடவையாவது நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றாள்.

செயலாளரின் கண்ணில் என்னவோ ஓடியது. ஒரு கணம்தான். "நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, பார்க்காதேன்னு சொன்னாங்க" என்றார். "பார்க்காம இருந்து இருந்து, இப்ப நிஜமாவே தெரியறதில்லை மேடம். சத்தியமா." அது பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை மண்டபம் நிரம்பியிருந்தது. மண்ணம்மா மேடையேறிக் கண்ணாடிக் குழாயை மேஜைமேல் வைத்தாள். பெஞ்சுக் கோடியில் முதியவர், பக்கத்தில் மகள். மகளை எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கு இடப்புறம் ஓர் ஆள் அகலத்துக்கு யார் பார்வையும் போகவில்லை.

வாசித்தாள். பிறந்தது, படித்தது, படகு ஏறியது. அதன்பின் தட்டெழுதிய உரையை மூடிவைத்துவிட்டு, குழாயைக் கையில் எடுத்தாள். இடக்கரையின் கீழ் கெட்டி நிலம் இல்லை என்பதே இவருடைய முடிவு என்றாள். மூடியைச் சொன்னாள், மணலைச் சொன்னாள், நீரை இறைப்பதை நிறுத்தாவிட்டால் எந்தெந்தத் தெரு முதலில் அமுங்கும் என்று சொன்னாள். இதற்கு மாறாக நானே எழுதிய அத்தனையும் பிழை என்றும் சொன்னாள். யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். பொறியியல் வல்லுநர் ஒருவர் பாதி எழுந்து, மேலே கல்லைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார். தடுக்க முடியாது. மன்றத்தில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

முடித்தாள். தலைவர் எழுந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. வயதானவர், நாற்பது வருடங்களுக்கு முன் கை தூக்கியவர்களில் மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"இந்த உரைக்கு உரியவர் மறைந்தவர்தானா?"

மண்ணம்மா நேராகப் பெஞ்சைப் பார்த்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை, உதடு மட்டும், இல்லை, இல்லை என்று சத்தமில்லாமல் அசைந்தது. முதியவர் குடைப்பிடியில் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். அவரும் அவளைத்தான் பார்த்தார். அன்றைக்கு அவள் அவருக்குச் செய்ததைப் போலவே, மெல்ல ஒரு தடவை தலையசைத்தார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் உப்புக் கரித்தது.

"ஆம்" என்றாள்.

தலைவர் சுத்தியலைத் தட்டினார். நினைவுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மகள் எழுந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். மண்ணம்மா பக்கம் திரும்பாமலே கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் கடந்து போகும்போது ஒவ்வொரு வரிசையிலும் தலைகள் குனிந்தன. மரியாதையா, பார்க்காமல் இருக்கும் பழைய பழக்கமா, சொல்ல முடியாது. வாசலில் முதியவர் ஒரு கணம் நின்றதாக அவளுக்குத் தோன்றியது. வெளியே வெயில் கண்ணைக் கூசிற்று. அதற்குள் அவர் உருவம் கரைந்தது. மகள் மட்டும் ஏதோ கனத்தைத் தாங்குவதுபோல ஒரு பக்கம் சாய்ந்து படி இறங்குவது தெரிந்தது.

பத்தொன்பதாம் நாற்காலி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. திருப்பினாள். உட்கார்ந்தாள். அன்றே கூடிய அவளுடைய முதல் கூட்டத்திலேயே இடக்கரையைக் காலி செய்யும் பேச்சு தொடங்கியது. ஆஸ்பத்திரியை முதலில் மாற்றுவது என்று முடிவாயிற்று. பேரவை சொன்னால் அரசாங்கம் மறுபேச்சுப் பேசாது.

அன்று பிற்பகலில் வீடு வந்தாள். பல் டாக்டர் கிளினிக்கைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகாமல் காத்திருந்தார். வெள்ளை அங்கியின் பையில் வாய் பார்க்கும் சின்னக் கண்ணாடி துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன மண்ணம்மா, நாற்காலி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நாம வீட்டைக் காலி பண்ணணுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். களிமண் மூடியை, மணலை, தன் புத்தகம் தரைமட்டமானதை, படுக்கையறைக் கதவின் மரம் ஒருநாளும் ஊதவில்லை என்பதை. நோயாளிகள் படுக்கும் சாய்வு நாற்காலியின் விளிம்பில் அவர் மெதுவாக உட்கார்ந்தார். ஆடுகிற பல்லுக்கு இத்தனை நாளாகத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தோமா என்றார். தெருவில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். ஒவ்வொரு காலடிக்கும் மண்ணம்மா உள்ளுக்குள் கூசினாள்.

"அது சரி" என்றார் கடைசியில், என்ன கேட்பதென்று தெரியாமல் எதையோ கேட்பவர்போல. "உன் நாற்காலிக்காரரு, அந்தப் பெரியவர், எப்பம்மா செத்தாரு?"

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் காலையில" என்றாள். "நான் ஆமான்னு சொன்னப்ப."